ஊர்ப்பணத்துக்குக் கணக்குக் கேட்க எந்த வழி நல்ல வழி?

மாரியம்மன் நோம்பி முடிந்த அடுத்த வாரம் கோயில் முன்பு கணக்குப் படிப்பார்கள். வரி வசூல் இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு. எங்காவது ஐம்பது ரூபாய் இடித்தால் யாராவது எழுந்து கேட்டுவிடுவார்கள். கேட்டவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதே ஊரில் பல லட்சம் ரூபாயில் ஒரு சிமெண்ட் ரோடு போட்டு முடித்தால், அதன் கணக்கைக் கேட்க ஓர் ஆள் எழுவதில்லை. ரோட்டுப் பணமும் நாம் கொடுத்ததுதான்.

2022 ஏப்ரலில் நகரங்களில் சொத்துவரியை உயர்த்தினார்கள். நம் பக்கத்து நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம். அதே வருஷம் செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் அப்போது ஒரே பேச்சு: "கட்டறது கட்டறோமுங்க, அது எங்க போகுதுன்னு யார்கிட்டக் கேக்கறது?"

கேட்க வழிகள் இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸ் மனு, தகவல் உரிமைச் சட்டம், கிராம சபை, தணிக்கை அறிக்கை, ஐகோர்ட், போராட்டம். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது. தறியையோ தோட்டத்தையோ கடையையோ விட்டுவிட்டு மாதத்தில் ஒருநாள்தான் ஒதுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் அந்த ஒருநாளை எதில் போடலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

மனுவைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 எண் இருக்கிறது. மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் உண்டு. பட்டா மாறவில்லை, முதியோர் பணம் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் இவைதான் சரியான இடம். செலவுக் கணக்கு கேட்க இவை உதவாது. மனு மேலிருந்து கீழே இறங்கி, செலவு செய்த அதே அலுவலகத்தின் மேஜைக்கே வந்து சேரும். அங்கிருந்து வரும் பதில் பெரும்பாலும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் கணக்கு இருக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தை நம் ஆட்கள் ஒன்று பயந்து ஒதுக்குகிறார்கள், அல்லது தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். மத்திய அரசு 2005-ல் சட்டம் கொண்டுவருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997-ல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தைப் போட்டது. ஆனால் அந்த 2005 சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக்காரர்கள். 1994-ல் தொடங்கி, ஊர் நடுவில் கூலிப் பட்டியலையும் பில்லையும் உரக்கப் படித்து, "இந்த வேலைக்கு நீ போனாயா? இந்தப் பணம் உனக்கு வந்ததா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நம் நோம்பிக் கணக்கும் அதுவும் ஒரே முறைதான். அவர்கள் அதை அரசுப் பணத்துக்குச் செய்தார்கள்.

நடைமுறை எளிது. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய இடத்துக்கு ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. பதில் வரவில்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் மேல் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பலர் சறுக்குவது கேள்வியில். "ஏன் எங்கள் வீதிக்கு ரோடு போடவில்லை?" என்று எழுதினால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன நிதியாண்டு, இன்ன வீதி, இன்ன பணி என்று குறிப்பிட்டு அதன் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டுவாடா செய்த பில் என்று நான்கையும் கேளுங்கள். ஓவர்சியர்கள் 'எம் புக்' என்று சொல்லும் அளவுப் புத்தகம்தான் இதில் உயிர். ரோட்டின் நீளம், அகலம், கனம் எவ்வளவு என்று வேலையை அளந்தவர் கையெழுத்தோடு எழுதி வைத்திருப்பது அதில்தான். பில் அதைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. அந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு ஒரு டேப்போடு வீதிக்குப் போனால் மீதியை வீதியே சொல்லிவிடும்.

என் அனுபவத்தில் நகல் கேட்பதைவிட நேரில் போய்ப் பார்ப்பது மேல். பிரிவு 2(ஜே) ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் பணியையே பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. ஆவணத்தைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. ஒரு ஃபைலை முழுதாகப் புரட்டும்போது, நாம் கேட்கத் தெரியாமல் விட்ட காகிதமும் கண்ணில் படும். நகல் கேட்டால் கேட்டது மட்டும்தான் வரும்.

இந்த வழியின் குறை என்ன? முதலில், நேரம். இரண்டாம் மேல்முறையீடு வரை போனால் மாதக்கணக்கில் இழுக்கும். ரோட்டைப் போட்ட கான்ட்ராக்டர் அதற்குள் அடுத்த ரோட்டையும் போட்டு முடித்திருப்பார். அடுத்தது, 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. பயனாளிகள் பட்டியல், கூலிப் பட்டியல் என்று பெயர்கள் வரும் இடத்தில் இதைக் காட்டி மறுக்க வழி பிறந்திருக்கிறது. இது எனக்குப் பெரிய கவலை. ராஜஸ்தானில் ஊர் நடுவில் படித்தது பெயர்ப் பட்டியலைத்தான். அதே சமயம், வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே நிற்கிறது. அதைக் குறிப்பிட்டே விண்ணப்பம் எழுதுங்கள்.

மூன்றாவது குறை சட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. கான்ட்ராக்டர் நம் பங்காளியாக இருப்பார், அல்லது மாமன் மச்சானாக இருப்பார். "ஏனுங் மாப்ள, நம்மாளு மேலயே எழுதிப் போட்டுட்டீங்களாமா?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். இதற்கு நான் கண்ட வழி, ஒரு வீதியை மட்டும் கேட்காமல் அந்த வருஷத்தின் எல்லா வேலைகளையும் கேட்பது. தனி ஆளைக் குறிவைத்ததாக ஆகாது. நாலைந்து பேர் ஆளுக்கொரு விண்ணப்பமாகப் போட்டால் இன்னும் நல்லது.

கிராம சபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30-ல் படிக்க வேண்டும், தணிக்கை அறிக்கையை வைக்க வேண்டும், திட்டங்களுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேரிலிருந்து 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையையும் கிராம சபையின் கையில்தான் கொடுத்தது. காகிதத்தில் பார்த்தால் சட்டசபைக்கு அடுத்து சாமானியனுக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது.

நடப்பது வேறு. வேலைக்கு வந்த பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினால் எண்ணிக்கை நிரம்பிவிடுகிறது. படிவம் 30-ஐ ஊராட்சிச் செயலர் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவார். "மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், எல்இடி விளக்கு" என்று தலைப்பும் தொகையும் மட்டும் காதில் விழும். கையில் காகிதம் இல்லாமல் எழுந்து கேட்பவர், "எல்லாம் ரெக்கார்டுல இருக்குதுங்க, ஆபீசுக்கு வந்து பாருங்க" என்ற ஒரே பதிலில் உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் எல்லோரும் ஒரே குரலில் பேச முடிவதில்லை. அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வரும் பெண், தான் வேலை செய்யும் தோட்டத்துக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து கணக்குக் கேட்பது சாதாரண விஷயமல்ல. அரைகுறை வேலை அதிகம் நடப்பது கேள்வி கேட்க ஆளில்லாத வீதிகளில்தான். விண்ணப்பத் தாளுக்கு முன்வரிசை பின்வரிசை கிடையாது என்பதால் இந்த இடத்தில் தகவல் உரிமைச் சட்டம் கிராம சபையைவிட ஒரு படி மேல். எல்லா வேலைகளையும் கேளுங்கள் என்று மேலே சொன்னதற்கு இன்னொரு காரணமும் இதுதான். காலனிச் சாக்கடையின் அளவும் நம் வீதி ரோட்டின் அளவும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

ஆனாலும் கிராம சபைக்கு இருக்கும் ஒரு பலம் வேறு எதற்கும் இல்லை. அங்கே தீர்மானம் எழுதலாம். "இன்ன வேலையின் அளவுப் புத்தகத்தில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள நீளத்துக்கும் வித்தியாசம் இருப்பதால் மறு அளவீடு செய்ய வேண்டும்" என்று மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது ஊரின் வார்த்தை. வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அதைத் தனியாள் மனுவைப் போல ஓரமாக வைக்க முடியாது. கொங்குப் பகுதி ஊராட்சிகளில் 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஓட்டுப் போட்டு மாற்ற ஆளே இல்லாத அப்படிப்பட்ட நேரத்தில் கேள்வி கேட்க மிஞ்சும் ஒரே மேடை கிராம சபை.

ஆக, தகவல் உரிமைச் சட்டத்தையும் கிராம சபையையும் தனித்தனியாக வைத்து எது மேல் என்று பார்ப்பதில் பயனில்லை. காகிதத்தை ஒன்றில் வாங்கி, மற்றதில் பேச வேண்டும். அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஆகஸ்ட் நடுவிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். 30 நாள் போனால் செப்டம்பர் நடுவில் ஃபைலைப் பார்க்கலாம். அளக்கவும், ஊரில் நாலு பேரிடம் பேசவும் மீதி நாள் போதும்.

அடுத்த வழி தணிக்கை அறிக்கை. இதைத் தொடுபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம். உள்ளாட்சிகளின் கணக்கை அரசின் தணிக்கையாளர்கள் ஏற்கெனவே பார்த்துத் தடைகளை, அதாவது ஆட்சேபணைகளை, எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "கடந்த மூன்று நிதியாண்டுகளின் தணிக்கைத் தடைகளும், அவற்றுக்கு அளித்த பதில்களும், இன்னும் நிலுவையில் உள்ளவையும்" என்று ஒரே விண்ணப்பத்தில் கேட்டால் படித்த கண் ஒன்று பார்த்ததெல்லாம் கைக்கு வந்துவிடும். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 2022 முதல் நடத்தத் தொடங்கிய பகுதி சபைகள் இன்னும் கால் ஊன்றவில்லை. நகரத்துக்காரர் தன் ஒருநாளைத் தணிக்கைத் தடைகளில் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். மாநில அளவில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கைகள் சட்டசபையில் வைத்ததும் இணையத்தில் வந்துவிடுகின்றன. ஊராட்சிகளுக்கு நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊர்ப்பெயர் போட்டுப் பார்க்கலாம்.

ஐகோர்ட் வழி பணமும் பொறுமையும் உள்ள சங்கங்களுக்கானது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்குச் சென்னை. கரூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டி, சாயக்கழிவுத் தேக்கமாக முடிந்தது. பொதுப்பணத்தில் கட்டிய அணையே விவசாயிக்குப் பகையானபோது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் உத்தரவு வரை அது போனது. கோர்ட்டின் பலம் அது. ஆனால் சட்டத்தை மீறினார்களா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். இந்தச் செலவு தேவைதானா, இதைவிடக் குறைவாக முடிக்கலாமா என்பதற்குள் பெரும்பாலும் போகாது.

தேவைதானா என்ற அந்தக் கேள்வியை நம் விவசாயிகளே எழுப்பியதற்குக் கீழ்பவானி வாய்க்கால் சாட்சி. 2.07 லட்சம் ஏக்கர் பாயும் வாய்க்கால். சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைத்துக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது, கசிவு நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்றது ஒரு தரப்பு. அந்தக் கசிவுநீரில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன, மரங்கள் நிற்கின்றன என்றது இன்னொரு தரப்பு. எந்தப் பக்கம் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இரு தரப்பிலும் கிணற்று நீர்மட்டத்தையும் மடை அளவையும் வைத்துக்கொண்டு பேசிய சாதாரண ஆட்கள் இருந்தார்கள். யார் தின்றார்கள் என்பதோடு நிற்காமல், செலவே வேண்டுமா என்பதுவரை பேசினார்கள். மின்கட்டணத்துக்கும் அப்படியொரு மேடை உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஆகஸ்டில் கோவையில் கருத்துக் கேட்டது. அங்கே எண்களோடு வருபவர் பேச்சுக்குத்தான் எடை.

போராட்டம் நம் மண்ணின் பழைய வழி. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைத் தெருக்களை மாட்டுவண்டிகள் நிறைத்தன. அந்தத் தியாகத்தின் மேல்தான் இன்றைய பம்புசெட் விவசாயி நிற்கிறார். விசைத்தறிக்காரர்களின் போராட்டத்துக்குப் பின் 2023 மார்ச்சில் அவர்களின் இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட் ஆனது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள் என்றே நம்புகிறேன். ஆனால் போராடி வாங்கிய சலுகை ஒவ்வொன்றும் மறுநாள் அரசின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறுகிறது. போராட்டம் செலவைக் கட்டுப்படுத்துவதைவிட, செலவை நம் பக்கம் திருப்புகிற வழி.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் படித்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கு வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்லதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் என்று அரசு வளர்ந்ததில் பெரும்பகுதி நமக்குத் தேவையான வளர்ச்சிதான். ஆனால் 2021 ஆகஸ்டில் தமிழக அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. அந்தக் கடனில் எந்த ரூபாய் நம் கோரிக்கையால் வந்தது, எந்த ரூபாய் நாம் கேட்காமல் விட்டதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எடுங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாம் கேட்டது. 1,652 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி, 1,916.41 கோடியில் முடிந்து, 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு 1.5 டிஎம்சி தண்ணீர். வறண்ட ஊர்களின் கனவு அது. கட்டிய செலவு எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் மோட்டார் ஓட்டக் கரண்ட் பில் எவ்வளவு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் புதைத்த குழாயைப் பராமரிக்க எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தபின் அது யார் தலையில் என்பதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பெரிய திட்டங்களில் உண்மையான பாரம் அந்த வருடாந்தரச் செலவுதான். அதை விசாரிக்கவும் பத்து ரூபாய் விண்ணப்பமே போதும்: நீர்வளத் துறைக்கு, நிதியாண்டு வாரியாக மின்கட்டணம், பராமரிப்புத் தொகை, ஒவ்வொரு நிலையமும் ஓடிய நாட்கள், தண்ணீர் சேர்ந்த குளங்களின் பட்டியல். கடைசியில் கேட்ட பட்டியலை உங்கள் ஊர்க் குட்டையோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.